ஏரியைக் காப்பாற்றினீர்கள், யாரிடமிருந்து?

அந்த ஏரியைச் சுற்றி இப்போது நடைபாதை போட்டாயிற்றாம். கம்பி வேலி, சிமெண்ட் பெஞ்சு, காலையில் ஓடுகிறவர்களுக்குச் செம்மண் பாதை, மரத்துக்கு மரம் பெயர்ப் பலகை, எல்லாம் வந்துவிட்டதாம். பெங்களூரிலிருந்து வந்த பக்கத்து வீட்டுப் பையன் செல்போனில் படம் காட்டினான். "நல்லாத்தான் இருக்கு அத்தை, பாரு" என்றான். பார்த்தேன். நல்லாத்தான் இருக்கிறது. அந்தப் பெஞ்சு கிடக்கிற இடத்தில்தான் என் அடுப்பு இருந்தது.

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பாள் எங்கள் அம்மா. ஏறாவிட்டால் போகட்டும், சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் வைத்துக்கொண்டு இனி என்னால் தூங்க முடியாது.

நான் பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்காரி. எட்டாவது வரை படித்தேன். பேப்பர் படிக்கிற பழக்கம் மட்டும் இன்றுவரை விடவில்லை. எங்கள் பக்கம் தக்காளியை நம்பியவர்கள் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். விலை இருந்தால் பாலக்கோடு மார்க்கெட்டில் லாரி வரிசை கட்டி நிற்கும். விலை விழுந்தால் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது, செடியோடு விட்டுவிட்டு ஆட்டை ஓட்டிவிடுவோம். வீட்டுக்காரர் பங்குக்கு வந்தது முக்கால் ஏக்கர் மானாவாரி. போர் போட்டோம். தண்ணீர் வரவில்லை, கடன் வந்தது. தண்ணீர் வந்த போரிலும் புளோரைடு. தருமபுரி மாவட்டத்துக்காரர்கள் பலரை வாயைத் திறந்தாலே கண்டுபிடித்துவிடலாம், பல்லில் பழுப்புக் கோடு ஓடும். 2013-ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது, அதற்கப்புறம் பிறந்த பிள்ளைகளாவது தப்பிக்கட்டும். எனக்கும் என் பெரியவனுக்கும் அந்தக் கோடு இருக்கிறது. பெங்களூரில் நான் வீட்டு வேலை பார்த்த அம்மா முதல் நாளே கேட்டார்கள், "பல்லு தேய்க்கிறதில்லையாம்மா?" என்று. எங்கள் ஊர்த் தண்ணீர் அப்படி என்றேன். ஐயோ பாவம் என்றார்கள். நல்ல அம்மாதான். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்படித்தான் ஊரை விட்டுக் கிளம்பினோம். பாலக்கோடு ஸ்டேஷனில் ஏறினால் மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை, ஒசூர், அப்புறம் பெங்களூர். ரயிலை விட்டு இறங்கி ரோட்டைத் தாண்டினால் மெஜஸ்டிக் பஸ் நிலையம். அது ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி என்று தொழிலாளர் சங்கத்துத் தோழர் ஒருவர் சொன்னபோது நான் நம்பவில்லை. கண்டீரவா ஸ்டேடியம் இருக்கிற இடம் சம்பங்கி ஏரியாம். சென்னை மட்டும் என்ன? வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியில். தியாகராய நகர் எழுந்தது மாம்பலம் ஏரியில். ஏரிக்குள் பஸ் நிலையம் கட்டலாம், ஸ்டேடியம் கட்டலாம், ஜவுளிக்கடைத் தெருவே கட்டலாம். அதற்கு வளர்ச்சி என்று பெயர் வைத்தார்கள். ஏரிக்கரையில் நாங்கள் நாலு தகரத்தை நட்டால் அது ஆக்கிரமிப்பு.

வீட்டுக்காரருக்குக் கிரானைட் அறுக்கிற வேலை. நான் சித்தாள். கலவை சுமந்தேன், செங்கல் சுமந்தேன், தளம் போடுகிற அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு வரை வரிசையில் நின்று பாண்டு மாற்றினேன். ஒரு கண்ணாடிக் கட்டடம். அதில் மட்டும் இரண்டு வருஷத்துக்கு மேல் வேலை. மொட்டை மாடியில் சோலார் பலகை, கீழே மழைநீர் சேகரிக்கக் குழிகள். அந்தக் குழிகளுக்கு மண் வாரிக் கொட்டியதில் பாதிப் பேர் நாங்கள், பெண்கள். கட்டி முடித்ததும் வாசலில் பசுமைக் கட்டடம் என்று பித்தளையில் ஒரு தகடு பதித்தார்கள். அதைப் பதிக்கிறதுக்குக் கிரானைட்டில் துளை போட்டுக் கொடுத்தது என் வீட்டுக்காரர். மூக்கில் கட்டிக்கொள்ள அவருக்கு யாரும் ஒரு முகமூடி கொடுக்கவில்லை. என் பழைய புடவையில் கிழித்த துண்டுதான். சாயங்காலம் அதை அவிழ்த்து உதறினால் மாவு உதறுகிற மாதிரி வெள்ளையாய்ப் பறக்கும். கட்டடம் பசுமையாக இருந்தது. அவர் நெஞ்சுக்குள் என்ன படிந்தது என்று அந்தத் தகட்டைக் கொடுத்தவர்கள் யாராவது கேட்டார்களா?

1996-ல் கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. அதில் 34-ஆம் பிரிவு என்ன சொன்னது தெரியுமா? வேலை நடக்கிற இடத்திலோ பக்கத்திலோ தொழிலாளிக்கு முதலாளி இலவசமாகத் தங்க இடம் கட்டித் தரவேண்டும். சமைக்க, குளிக்க, துவைக்க, வெளிக்குப் போகத் தனித்தனி வசதி வேண்டும். 35-ஆம் பிரிவு, ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. என் சின்னவள் ஜல்லிக் குவியல் ஓரத்தில் புடவைத் தூளியில் வளர்ந்தாள். சட்டம் அச்சிலே வளர்ந்தது.

அப்படி இடம் கொடுத்திருந்தால் நாங்கள் ஏன் ஏரிக்கரைக்குப் போகப் போகிறோம்? நாங்களாகவா தேடிப் பிடித்தோம் அந்தக் கொசுக்காட்டை? மேஸ்திரி காட்டிய இடம் அது. ஓசியில் குந்தியிருந்தோம் என்றும் நினைத்துவிடாதீர்கள். மாதம் பிறந்தால் புல்லட்டில் ஒருத்தன் வருவான், ஷெட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிப் போவான். நிலம் தன்னுடையது என்றான். கரண்ட் கம்பி இழுத்து அதற்கும் தனியாக வாங்கினான். இடிக்க வந்த அன்றைக்கு அவன் போன் சுவிட்ச் ஆஃப். அவன் மேல் எந்த வழக்கும் வந்ததாக இன்றுவரை நான் கேள்விப்படவில்லை.

தண்ணீரும் காசுக்குத்தான். டேங்கர்காரன் குடத்துக்கு இவ்வளவு என்று ஊற்றுவான். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரித் தீர்ப்பில் தமிழ்நாட்டுப் பங்கைக் குறைத்தது, அதிலே 4.75 டிஎம்சி பெங்களூர் குடிநீருக்கு என்று சொன்னது. எங்கள் ஊரில் கொதித்தார்கள். நான் கொதிக்கவில்லை. குடிக்கிற தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கக்கூடாது, அதுவும் நான் இருக்கிற ஊர்தானே அது என்று நினைத்தேன். ஆனால் அந்தக் காவிரி எங்கள் ஷெட்டுக்கு ஒருநாளும் வரவில்லையே! எதிரே இருந்த அடுக்குமாடியில் கார் கழுவியது. பூச்செடி குடித்தது. நான் குடத்தோடு டேங்கருக்கு நின்றேன். தருமபுரிக்காரிக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய தண்ணீரும் கிடையாது, பெங்களூர்க்காரிக்கு வரவேண்டிய தண்ணீரும் கிடையாது என்றால் நான் எந்த ஊர்க்காரி?

இப்போது அந்த அம்மாவுக்கு வருகிறேன்.

முட்டி தேய்ந்து சுமை தூக்க முடியாமல் போனபின் அந்த அடுக்குமாடியில் வீட்டு வேலைக்குப் போனேன். அந்த அம்மா படித்தவர்கள், ஏரி மேல் உயிர். கொக்கு, நாரை, மீன்கொத்தி எல்லாம் எனக்குக் காட்டிக் கொடுத்ததே அவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களெல்லாம் சேர்ந்து ஏரியைச் சுத்தம் செய்வார்கள். "நீயும் வாயேன், உங்க ஆளுங்களையும் கூட்டிட்டு வா, இது உங்க ஏரியும்தானே" என்றார்கள். உங்க ஏரியும்தானே! அந்த ஒரு சொல்லுக்காகப் போனோம். கையுறை கொடுத்தார்கள். பிளாஸ்டிக், தெர்மாகோல், ஊசி, பாட்டில், நாப்கின், எல்லாம் பொறுக்கினோம். கரையில் நின்று அவர்கள் பொறுக்கினார்கள், சேற்றுக்குள் இறங்கி நாங்கள் பொறுக்கினோம். போட்டோ எடுத்தார்கள். டீயும் பன்னும் கொடுத்தார்கள். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரரிடம் சந்தோஷமாகச் சொன்னேன், நம்மையும் மனுஷராகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று.

கொஞ்ச காலம் போனபின் சங்கத்துத் தோழர் ஒரு காகிதத்தின் நகலைக் கொண்டுவந்தார். ஏரியைக் காப்பாற்றச் சொல்லி அதிகாரிகளுக்குக் கொடுத்த மனு. ஏரிக்கரை ஷெட்டுகளில் இருப்பவர்கள் ஏரியை அசுத்தம் செய்கிறார்கள், குப்பை கொட்டுகிறார்கள், சமூக விரோதிகளும் இருக்கிறார்கள், உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்று எழுதி, கீழே பக்கம் பக்கமாகக் கையெழுத்து. எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் ஒரு கையெழுத்து தெரிந்தது. மாதாமாதம் என் சம்பள நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் வளைத்துப் போடுகிற அதே கையெழுத்து.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது? பாத்திரம் கழுவினேன். அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காபி கொடுத்தார்கள், குடித்தேன். அந்தக் காபி இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அம்மா, இப்போது கேட்கிறேன். கழிப்பறை கட்டிக் கொடுக்காத முதலாளிக்கு எதிராக நீங்கள் ஏன் ஒரு மனு எழுதவில்லை? குப்பை வண்டி உங்கள் கேட் வரை வந்து திரும்பிப் போகும், எங்கள் பக்கம் ஒருநாளும் வராது என்பதை உங்கள் பால்கனியிலிருந்து பார்த்தீர்களே, அதற்கு ஏன் எழுதவில்லை? உங்கள் கழிவு நீரைச் சுத்தம் செய்கிற மிஷினைக் கரண்ட் செலவு ஆகிறதென்று ராத்திரியில் நிறுத்திவிடுவார்கள் என்று அங்கே வாட்ச்மேனாக இருந்த எங்கள் ஊர்க்காரரே சொன்னார். எங்கள் ஷெட்டுகள் எத்தனை, உங்கள் கக்கூஸ்கள் எத்தனை? எந்த ஏரி எங்களால் செத்தது?

பெல்லந்தூர் ஏரியைக் கேளுங்கள். 2017 பிப்ரவரியில் தீப்பிடித்தது, 2018 ஜனவரியில் மறுபடி தீப்பிடித்தது. தண்ணீர் தீப்பிடிக்குமா? பிடித்தது. நுரை காற்றில் பறந்து ரோட்டில் போகிறவர்கள் மேல் விழுந்தது. அது குடிசைக்காரன் குளித்த சோப்பு நுரையா? அந்த ஆண்டு டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசை 50 கோடியும் மாநகராட்சியை 25 கோடியும் கட்டச் சொன்னது. கழிவு நீரைச் சுத்தம் செய்யாமல் விட்ட குற்றத்துக்கு. அந்த நகரத்தின் சாக்கடைதான் தென்பெண்ணையில் இறங்கி, ஒசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை நுரையாக வருகிறது. எங்கள் சனங்கள் அதில்தான் விவசாயம் செய்கிறார்கள். அந்த நுரையை அப்புறப்படுத்த ஒரு ஜேசிபி வந்ததா?

சட்டம் யாருக்கு வளைகிறது என்பதையும் சொல்கிறேன். 2016 மே மாதம் அதே தீர்ப்பாயம் பெங்களூர் ஏரிகளைச் சுற்றி 75 மீட்டருக்குக் கட்டடம் கூடாது என்றது. கட்டடக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2019 மார்ச்சில் அது ரத்தானது, பழையபடி 30 மீட்டர் என்றானது. நாற்பத்தைந்து மீட்டர் அவர்களுக்குக் கிடைத்தது. எங்களுக்கு ஒரு வாரம் அவகாசம் கிடைக்கவில்லை.

2022 செப்டம்பர் மழை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கோடிக்கணக்கில் விலைபோகிற வீடுகளில் தண்ணீர் புகுந்து, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனதை டிவியில் காட்டினார்கள். எங்கள் ஷெட்டிலும் இடுப்பளவு தண்ணீர். எங்களுக்கு டிராக்டர் வரவில்லை, டிவியும் வரவில்லை. அதற்கப்புறம்தான் ராஜகாலுவே என்கிற மழைநீர்க் கால்வாய்களின் ஆக்கிரமிப்பை இடிக்கிறோம் என்று கிளம்பினார்கள். பெரிய பெரிய பேர்களெல்லாம் பட்டியலில் இருப்பதாகப் பேப்பரில் வந்தது. அவர்கள் வக்கீல் வைத்தார்கள், தடை வாங்கினார்கள். தடை வாங்கத் தெரியாதவர்கள் பக்கம் ஜேசிபி திரும்பியது.

எங்களிடம் வந்தபோது விடிந்தும் விடியாத நேரம். அந்த ஜேசிபி ஓட்டிய பையன் எங்கள் பக்கத்துக்காரன், மாரண்டஅள்ளிப் பக்கம். நான் தமிழில் கத்தியதைக் கேட்டு எஞ்சினை நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினான். "அக்கா, நீங்க எந்த ஊரு?" சொன்னேன். அவன் முகம் செத்துப்போனது. "எடுக்கறத சீக்கிரம் எடுத்துக்கக்கா, அஞ்சு நிமிஷம் நிறுத்தி வைக்கிறேன்" என்றான். பின்னாலிருந்து அதிகாரி "பேக மாடு, பேக மாடு" என்று அவனை விரட்டினார். கேழ்வரகு மாவு டின்னை எடுத்தேன், பிள்ளைகள் துணியை எடுத்தேன். வீட்டுக்காரர் உள்ளே போவதற்குள் சுவர்த் தகரம் விழுந்துவிட்டது. அவருடைய கட்டிங் மிஷின், தவணையில் வாங்கியது, இன்னும் தவணை பாக்கி, அந்தத் தகரத்துக்கு அடியில் நசுங்கியது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனும் கூலிக்காரன். எங்கள் ஊர்க் கையே எங்கள் வீட்டை இடிக்கிற மாதிரி ஏற்பாடு செய்துவிட்டு, கை படாமல் கரையில் நின்று பார்த்தவர்கள் மேல்தான் கோபம்.

மாற்று இடமா? அரசுப் பட்டியலில் இருக்கிற குடிசைப் பகுதிக்குத்தான் மாற்று இடமாம். நாங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. நகரத்தை விட்டு ரொம்ப தூரத்தில், காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ் போகிற இடத்தில் போய் விழுந்தோம். மிஷின் இல்லாத ஆளுக்குத் தினக்கூலி. அந்தப் பஸ்ஸில் போய்த் திரும்பினால் கூலியில் கால்பங்கு போய்விடும். இருமல் அதிகமானது. காசநோய் மருந்து கொடுத்தார்கள். தின்று முடித்தும் நிற்கவில்லை. பிறகு ஒரு சின்ன வயசு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார், "கல் வேலையா செஞ்சார்?" கல்தூள் நுரையீரலில் பதிந்துவிட்டது, இதற்கு மருந்து கிடையாது என்றார். ஊருக்குக் கூட்டிவந்தேன். மூச்சு வாங்கி வாங்கி, உட்கார்ந்தபடியே தூங்கி, ஒருநாள் விடியவில்லை.

கட்டடம் கட்டுகிறவர்கள் தொழிலாளர் நலனுக்கென்று செஸ் கட்டுகிறார்கள். அந்தப் பணம் கோடிகோடியாகச் செலவழியாமல் கிடக்கிறதே என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே திட்டியது. அதில் எனக்கு ஏதாவது வருமா என்று போனேன். அவருடைய கட்டடத் தொழிலாளர் அட்டை புதுப்பிக்காமல் விட்டுப்போயிருந்தது. புதுப்பிக்க வேண்டுமானால் வருஷத்தில் 90 நாள் கட்டட வேலை செய்ததாக யாராவது சான்று கொடுத்திருக்க வேண்டுமாம். மேஸ்திரியிடம் கேட்டேன், "கம்பெனில கேளு" என்றார். கம்பெனியில் "எங்க ஆள் இல்லை, காண்ட்ராக்ட் ஆள்" என்றார்கள். காண்ட்ராக்டர் போன் எடுக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அந்த நகரத்தின் கல்லை அறுத்த மனுஷன். 90 நாள் வேலை செய்தான் என்று எழுதிக் கொடுக்க அங்கே ஒரு ஆள் இல்லை. எங்களை விரட்டுவதற்குப் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டீர்களே, இதற்கு ஒரே ஒரு கையெழுத்து, ஒன்றே ஒன்று, யாரிடமும் இல்லாமல் போய்விட்டதா?

சின்னவள் விஷயத்தைச் சொல்லவே வாய் வரவில்லை. அங்கே கன்னடப் பள்ளியில் ஏழாவது. நன்றாகப் படிப்பாள், டீச்சர்கள் கூப்பிட்டுச் சொல்வார்கள். இங்கே வந்து சேர்த்தால் அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பேசுவாள், எழுதத் தெரியாது. கணக்கில் நூறு வாங்கிய பிள்ளை சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அ, ஆ எழுதினாள். கொஞ்ச நாள் போனாள். பிறகு பையைச் சுருட்டி வைத்துவிட்டாள். இப்போது தக்காளி பறிக்கப் போகிறாள்.

ஏதோ ஒருத்திக்கு நேர்ந்த கெட்ட நேரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஏரி பெயரையும் அடுக்குமாடி பெயரையும் நான் சொல்லாததற்குக் காரணமே அதுதான். சொன்னால் அந்த ஒரு ஏரியோடு முடிந்துவிடும். 2013 ஜனவரியில் பெங்களூர் ஈஜிபுராவில் ஏழைகளுக்கென்று கட்டிய குடியிருப்பு நிலத்திலிருந்து சுமார் 1,500 குடும்பங்களைத் துரத்தினார்கள். பெரும்பாலும் தலித்துகள், நம் தமிழ்ச் சனம் நிறைய. தனியாரோடு கூட்டுச் சேர்ந்து அந்த நிலத்தில் மால் கட்டப் போகிறோம் என்றார்கள். பல குடும்பங்கள் வருஷக்கணக்கில் எதிரே இருந்த நடைபாதையிலேயே கிடந்தன. 2020 ஜனவரியில் கரியம்மன அக்ரஹாராவில் கூலிக்காரர் ஷெட்டுகளைத் தரைமட்டமாக்கினார்கள். வங்கதேசத்துக்காரர்கள் என்று புரளி. அங்கே இருந்தவர்களில் வட கர்நாடகத்து ஆட்களே உண்டு. செய்தது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் சொன்னது, ஆனால் அதற்குள் தகரமெல்லாம் சப்பையாகிவிட்டது.

கன்னடத்துக்காரர்கள் தமிழர்களைத் துரத்துகிறார்கள் என்று யாரும் இதை வைத்துக் கட்சி கட்ட வேண்டாம். சென்னையில் நம் ஆட்சி, நம் மொழி, என்ன வாழ்ந்தது? கூவத்தைச் சீரமைக்கிறோம், அடையாற்றைச் சீரமைக்கிறோம் என்று கரையில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டினார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், எட்டு மாடி எட்டு மாடியாக. மீன் விற்றவள், ரிக்‌ஷா ஓட்டியவன், வீட்டு வேலை செய்தவள், எல்லோருக்கும் வேலை இருபது முப்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்றுதானே கொண்டுபோனார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய அந்தப் பகுதியில் ஒவ்வொரு பெருமழைக்கும் செம்மஞ்சேரி மிதக்கிறது! பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டது அரசாங்கம். அதே கால்வாய்க் கரையில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், 2022 மே மாதம் வீடுகளை இடிக்க வந்தபோது அறுபது வயசுப் பெரியவர் ஒருவர் தன் மேல் தீ வைத்துக்கொண்டு செத்தார். தூண் ஆக்கிரமிப்பு இல்லை, அந்தப் பெரியவர் ஆக்கிரமிப்பு.

ஏரி அழியட்டும், நாங்கள் இருக்கிறோம் என்றா சொல்கிறேன்? தண்ணீர் இல்லாமல் ஊரை விட்டு வந்தவளுக்கு ஏரியின் அருமை தெரியாதா? உங்களுக்கு அது காலையில் நடக்கிற இடம். எங்களுக்கு ஊர் பிழைக்கிறதும் சாகிறதும் அதில்தான். பாங்காக் நகரத்தில் பாங் புவா என்று ஒரு கால்வாய் இருக்கிறதாம். தோழர் சொல்லித்தான் தெரியும். 2003-ல் தாய்லாந்து அரசு கொண்டுவந்த குடிசை மேம்பாட்டுத் திட்டத்தில் அந்தக் கரைக்காரர்கள் சேர்ந்தார்கள். தண்ணீருக்குள் நீட்டியிருந்த வீடுகளைத் தாங்களே பின்னுக்கு இழுத்து, அதே கரையில் ஒழுங்காகக் கட்டிக்கொண்டார்கள். அரசு நிலத்தைக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தது. கால்வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்வது அந்தச் சனங்களே. அவ்வளவு தூரம் ஏன், ஒடிசாவில் 2017-ல் குடிசைவாசிகளுக்கு நில உரிமை கொடுக்கச் சட்டமே வந்தது. அங்கெல்லாம் முடிகிறது, இங்கே மட்டும் ஏன் முடியவில்லை? எங்களைக் கூப்பிட்டு ஒருநாள் கேட்டிருந்தால் நாங்கள் பத்தடி பின்னால் போயிருக்க மாட்டோமா? சேற்றில் இறங்கத் தெரிந்த எங்களுக்குப் பத்தடி நகரத் தெரியாதா?

எங்களைப் போ என்பதற்கும் இரு என்பதற்கும் உங்களுக்கு ஒரு நேரம் இருக்கிறது. 2020 மே மாதம், கொரோனா காலம். வெளி மாநிலக் கூலிகள் ஊருக்குப் போக ரயில் விட்டார்கள். கட்டுமான முதலாளிகளோடு முதலமைச்சர் கூட்டம் போட்டார், அன்றைக்கே கர்நாடக அரசு ரயில் வேண்டாம் என்று எழுதிவிட்டது. கூலிகள் போய்விட்டால் கட்டடம் யார் கட்டுவது? ஊரே காறித் துப்பியபின் இரண்டு நாளில் திருப்பி விட்டார்கள். நாங்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அத்திப்பள்ளி வரைக்கும் நடந்தோம், ஜூஜூவாடியில் போலீஸ்காரர்கள் உட்கார வைத்தார்கள். பிடித்து வைக்கும்போது நாங்கள் தொழிலாளிகள். விரட்டும்போது ஆக்கிரமிப்பாளர்கள். ஒரே ஆள்தானே ஐயா, ஒரே கைதானே!

இப்போது பெரியவன் கிளம்புகிறான். ஒசூருக்கு. 2019-ல் அதுவும் மாநகராட்சி ஆகிவிட்டது, எங்கே பார்த்தாலும் அடுக்குமாடி எழும்புகிறது. கூட்டிப்போக வந்த மேஸ்திரி, தங்குவதற்கு இடம் இருக்கிறது, ஏரிக்கரையில் ஷெட் போட்டிருக்கிறோம், காற்றோட்டமாக இருக்கும் என்றார். நான் கேட்டேன், "அந்த இடம் யாரு பேருல இருக்கு? கக்கூஸ் கட்டியிருக்கீங்களா? என் பையனுக்கு அட்டை போட்டு, வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா? மூக்குக்கு மாஸ்க் யாரு வாங்கித் தருவா?" அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஏம்மா, வேலைக்கு அனுப்புறியா, வழக்கு நடத்துறியா?" என்றார். பதிலை எழுதிக் கொடுத்துவிட்டு என் மகனைக் கூட்டிப் போங்கள் என்றேன். நாளைக்கு வருகிறேன் என்று போனவர் இன்னும் வரவில்லை. ஒசூரில் அந்த அடுக்குமாடியில் வீடு பதிந்து வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த நாலு கேள்வியையும் உங்கள் பில்டரிடம் நீங்களும் ஒரு தடவை கேளுங்கள். நாங்கள் கேட்டால் வேலை போகிறது. நீங்கள் கேட்டால் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்?